திருட்டுக் கல்யாணமும் யூகலிப்டஸ் மொட்டும்

பிறந்தநாள் பரிசை அலமாரியில் ஒளித்து வைப்பது ரகசியம்தான். ஆனால் ஆங்கிலத்தில் அதை ‘கிளாண்டஸ்டைன்’ என்று சொல்ல மாட்டார்கள். வெளியே தெரிந்தால் வம்பு என்று மூடி மறைத்துச் செய்கிற காரியத்துக்கே அந்தச் சொல். நாம் ‘திருட்டுக் கல்யாணம்’ என்கிறோமே, அந்தத் ‘திருட்டு’ கச்சிதமாகப் பொருந்தும். இங்கிலாந்து 1753இல் ஒரு சட்டமே போட்டது, கிளாண்டஸ்டைன் திருமணங்களைத் தடுக்க. அது ஸ்காட்லாந்தில் செல்லாது என்பதால் காதலர்கள் எல்லை தாண்டி கிரெட்னா கிரீன் என்ற ஊருக்கு ஓடினார்கள். அது வேறு கதை.

சொல்லின் மூலம் லத்தீன். ‘கிளாம்’ என்றால் அங்கே ‘பிறர் அறியாமல்’. ரோமானியர் நிலத் தகராறுகளில் இதைக் கேட்டார்கள்: நீ அனுபவித்து வந்தது அடாவடியாகவா, ‘கிளாம்’ ஆகவா, உரியவரிடம் கேட்டு வாங்கியா? மூன்றும் இல்லை என்றால்தான் வாதம் நிற்கும். நம் ஊர் எதிரிடை அனுபவ வழக்குகளின் (பிறர் நிலத்தை நெடுங்காலம் அனுபவித்ததைச் சொல்லி உரிமை கோருபவை) தீர்ப்புகளில் ‘நெக் வி, நெக் கிளாம், நெக் ப்ரெகாரியோ’ என்று அந்தத் தொடர் இன்னும் தலைகாட்டுகிறது.

கிளாமுக்கும் பின்னால் போனால், மூடுதல் என்ற பொருளில் ‘கெல்’ என்றொரு பழைய வேரை மொழியியலாளர்கள் ஊகித்து வைத்திருக்கிறார்கள். இங்கேதான் விஷயம் சுவையாகிறது. லத்தீனில் ‘க’ ஒலி அப்படியே நின்றது. ஆங்கிலத்தின் மூதாதை மொழியில் அது ‘ஹ’ ஆகிவிட்டது. லத்தீன் கொம்பு ‘கொர்னு’, ஆங்கிலத்தில் ‘ஹார்ன்’. லத்தீன் நூறு ‘கென்டும்’, ஆங்கிலத்தில் ‘ஹண்ட்ரட்’. 1822இல் யாக்கோப் கிரிம் இதை விதியாக வகுத்தார் (தம்பியோடு சேர்ந்து தேவதைக் கதைகள் தொகுத்தாரே, அவரேதான்). அந்தக் கணக்குப்படி, தலையை மூடும் ஹெல்மெட்டும், கண்ணுக்கு மறைந்த நரகமான ‘ஹெல்’லும் கிளாமுக்குப் பங்காளிகள்!

கிரேக்கத்தில் மூடுவதற்கு ‘கலுப்டெய்ன்’ என்றொரு சொல். அதையும் இதே வேரோடு சேர்க்கும் அகராதிகள் உண்டு. ஊட்டிக்குப் போனால் யூகலிப்டஸ் மொட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். இதழ்கள் ஒட்டிப்போய், மகரந்தக் கேசரங்கள் மேல் தொப்பி போல் கவிந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் 1788இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே ‘நன்றாக மூடியது’ என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். பூக்கும் நாளில் அந்த மூடி கழன்று விழுந்துவிடும்.