உளுந்து விதையை எடுத்து வைக்கலாமா, விற்கலாமா?

தை மாதம் டெல்டா பக்கம் போனால் பார்க்கலாம். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, ஈரம் காயாத நெல் வயலுக்குள் உளுந்தைத் தூவிவிடுவார்கள். அந்த விதை பாதிப்பேருக்குக் கடையில் வாங்கியது அல்ல. போன வருஷம் சொந்த வயலில் விளைந்தது, அல்லது பக்கத்து வீட்டில் படி கணக்கில் வாங்கியது. இதில் இப்போது ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகத்தை நாமே எடுத்து வைத்து விதைத்தால், விற்றால், கேஸ் ஆகுமா?

பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2019-ல் தன் உருளைக்கிழங்கு ரகத்தைப் பயிரிட்டதாக பெப்சிகோ நிறுவனம் குஜராத் விவசாயிகள் மேல் வழக்குப் போட்டது. சிலரிடம் கோடி ரூபாய்க்கு மேல் நஷ்டஈடு கேட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் அடுத்த மாதமே வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைகள் சட்டம், 2001. ரகத்தை உருவாக்கியவர் அதைப் பதிவு செய்துகொண்டால், வயல் பயிர்களுக்கு 15 வருஷம் வரை அது அவருடைய உரிமை. அதே சட்டத்தின் 39-வது பிரிவு விவசாயிக்கு எதிர்ப்பக்கத்து உரிமையைத் தருகிறது: பதிவான ரகமாகவே இருந்தாலும் விதையை எடுத்து வைக்கலாம், மறுபடி விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், பகிரலாம், விற்கவும் செய்யலாம். ஒரே ஒரு தடைதான். பையில் அடைத்து, இது இன்ன பாதுகாக்கப்பட்ட ரகம் என்று லேபிள் ஒட்டி பிராண்டு விதையாக விற்கக் கூடாது. 1966-ஆம் ஆண்டு விதைச் சட்டமும் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. தான் விளைவித்த விதையைத் தன் இடத்தில் வைத்து, விதைக்கப்போகிறவருக்கே நேரடியாகக் கொடுப்பவருக்கு 24-வது பிரிவு விலக்குத் தருகிறது.

இந்த உரிமை பயறு மாதிரிப் பயிர்களுக்குத்தான் நிஜமாகப் பயன்படுகிறது. வீரிய ஒட்டு மக்காச்சோளத்தில் விதை எடுத்து வைத்தால் அடுத்த போகம் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை என்று கலந்து கிடக்கும். உளுந்து, பாசிப்பயறு, சோயா எல்லாம் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர்கள். பூ விரிவதற்குள்ளேயே கருவுற்றுவிடும். அதனால்தான் புதிய ரகம் உருவாக்குகிறவர்கள் முதல் நாள் சாயங்காலமே மொட்டைப் பிரித்து, ஊசிமுனை இடுக்கியால் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்துவிட்டு, மறுநாள் காலையில் இன்னொரு செடியின் மகரந்தத்தைத் தடவுகிறார்கள். அதில் வரும் செடிகளில் மஞ்சள் தேமல் நோயைத் தாங்குவது எது, காய் ஒன்றாக முற்றுவது எது என்று தலைமுறை தலைமுறையாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் பயறு ஆராய்ச்சி மையம் வருஷக்கணக்கில் செய்வது இந்த வேலையைத்தான். ஆனால் ஒருமுறை நிலைத்துவிட்டால் குணம் அப்படியே இறங்கும். ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஜே.எஸ். 335 சோயா 1994-ல் வந்தது. மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் அதை இத்தனை காலம் பரப்பியதில் வீட்டு விதைக்கும் பெரும் பங்கு உண்டு.

துவரை மட்டும் விதிவிலக்கு. தேனீ வேறு ரகத்தின் மகரந்தத்தைக் கொண்டுவந்து கலந்துவிடும். சான்று பெற்று விற்கும் விதைக்கான வயலுக்கும் வேறு ரக வயலுக்கும் நடுவே உளுந்தில் 5 மீட்டர் இடைவெளி போதும், துவரைக்கு 100 மீட்டர் வேண்டும் என்பதிலேயே வித்தியாசம் தெரியும். அதனால் துவரை விதையை இரண்டு, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதிதாக வாங்குவது நல்லது.

வாங்கும்போது பையில் தைத்திருக்கும் அட்டையைப் பாருங்கள். ரகத்தை உருவாக்கியவர் தரும் வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள், அதிலிருந்து பெருக்கிய ஆதார விதைக்கு வெள்ளை, அதிலிருந்து பெருக்கிய சான்று விதைக்கு நீலம். அந்த அட்டையையும் பில்லையும் அறுவடை முடியும்வரை தூக்கிப் போடாதீர்கள். எங்கள் சொந்தக்காரர் ஒருவர் பில் இல்லாமல் வாங்கிய விதை முளைக்காமல் போய், கடைக்காரர் 'இது நம்ம கடையில வாங்கினதே இல்லண்ணே' என்று முடித்துவிட்டார்.

39-வது பிரிவிலேயே நஷ்டஈட்டுக்கும் வழி உண்டு. பதிவான ரகத்தின் விதை விவசாயிக்கு விற்கப்பட்டால், அந்த ரகத்தை உருவாக்கியவர் இன்ன சூழ்நிலையில் இவ்வளவு விளையும் என்று சொல்ல வேண்டும். சொன்னபடி வராவிட்டால், இந்தச் சட்டத்தை நடத்தும் பயிர் ரகங்கள் பாதுகாப்பு ஆணையத்திடம் நஷ்டஈடு கேட்கலாம். அந்த ஆணையம் இருப்பது டெல்லியில். காகிதத்தில் அழகாக இருக்கும் உரிமை, ஒரு ஏக்கர் உளுந்துக்காக யார் போவார்? என்னைக் கேட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான் கைக்கு எட்டுகிற இடம். விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது.

உங்கள் குடும்பம் தலைமுறையாகக் காப்பாற்றி வரும் நாட்டு மொச்சையோ தட்டைப்பயறோ இருந்தால், அதை 'உழவர் ரகம்' என்று உங்கள் பெயரிலேயே பதியலாம். விவசாயிக்குக் கட்டணம் கிடையாது. விண்ணப்பத்துக்கு மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

அப்புறம், எடுத்து வைத்த விதையை விதைப்பதற்குப் பத்து நாள் முன்னால் ஒரு சோதனை செய்துவிடுங்கள். நூறு உளுந்தை எண்ணி, நனைத்த சாக்கில் பரப்பிச் சுருட்டி, ஈரம் காயாமல் ஒரு வாரம் நிழலில் வையுங்கள். சான்று விதைக்கு 75 முளைக்க வேண்டும் என்பது விதி, சோயாவுக்கு 70. எழுபத்தைந்துக்குக் கொஞ்சம் குறைந்தால் விதையளவைக் கூட்டிக்கொள்ளலாம். ஐம்பதுகூட வரவில்லை, மருந்தும் கலக்கவில்லை என்றால், அது இட்லிக்கு அரைக்கத்தான்.