உப்புநீரைக் கழித்தால் எண்ணெய்

காவிரி டெல்டாவில் நரிமணம், குத்தாலம் பக்கம் எடுக்கும் எண்ணெய் பூமிக்கடியில் ஏரி மாதிரி தேங்கி நிற்பதில்லை. மணற்கல்லின் மணிகளுக்கு நடுவே உள்ள நுண்துளைகளில் இருக்கிறது. அங்கே முதலில் இருந்தது உப்புநீர். பிறகு வந்த எண்ணெய் அதை முழுசாக வெளியேற்றிவிடவில்லை. துளைகளில் இன்னும் எத்தனை சதவீதம் தண்ணீர் என்பதுதான் கேள்வி.

கிணறு தோண்டியதும் கேபிளில் கருவிகளை அடிவரை இறக்கி, மேலே இழுத்துக்கொண்டே அளப்பார்கள். லாக் எடுப்பது என்பது இதுதான். இதில் முக்கியமான அளவு மின்தடை. உப்புநீர் கரண்டைக் கடத்தும். எண்ணெய், வாயு, குவார்ட்ஸ் மணி எதுவும் கடத்தாது. ஆக, மின்தடைக் கருவி எண்ணெயைப் பார்ப்பதே இல்லை. உப்புநீரைப் பார்க்கிறது, மிச்சத்தை நாம் கழித்துக்கொள்கிறோம்.

கழிப்பதற்கான சூத்திரத்தை 1942-ல் தந்தவர் ஷெல் நிறுவனத்தின் ஆர்ச்சி. பாறையில் 20 சதவீதம் துளை, உப்புநீரின் மின்தடை 0.1 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 0.1-ஐ 0.2-இன் வர்க்கத்தால் வகுத்தால் 2.5. துளை முழுக்கத் தண்ணீர் என்றால் பாறை காட்ட வேண்டியது அவ்வளவுதான். கருவி 10 காட்டுகிறதா? 2.5-ஐ 10-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 0.5. சரிபாதி தண்ணீர். 40 காட்டினால் கால்வாசி.

உப்பின் அளவைத் தப்பாக எடுத்தால் எல்லாம் போச்சு. நீரின் மின்தடை 0.2 என்றால் அந்த 50 சதவீதம் 71 ஆகிவிடும். டெல்டாவில் போர்வெல் போடுமுன் கரண்ட் விட்டுப் பார்ப்பதும் இதே இயற்பியல்தான். கடலோரத்தில் மின்தடை கூடினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று விவசாயிக்குச் சந்தோஷம். அதே நல்ல தண்ணீர் எண்ணெய்க் கிணற்றில் எண்ணெய் போலவே தெரிந்து ஏமாற்றும்.

அதைவிடப் பெரிய தொல்லை களிமண். அதன் மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் அயனிகளும் கரண்டைக் கடத்தும். எண்ணெய் இருந்தும் மின்தடை இறங்கிவிட, வெறும் தண்ணீர் என்று நல்ல அடுக்கை விட்டுவிட்டுப் போகக்கூடும். 1968-ல் வாக்ஸ்மனும் ஸ்மிட்ஸும் இதற்கொரு திருத்தம் தந்தார்கள். ஆனால் களிமண் எவ்வளவு என்று முதலில் தெரிய வேண்டுமே! களிமண் வீசும் காமா கதிரை அளக்கும் காமா கதிர் லாக் சொல்லும், ஆனால் அதையும் அப்படியே நம்ப முடியாது. கிரானைட் சிதைந்து வந்த மணலில் பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமத்தின் மணிகள் இருக்கும். அவையும் காமா கதிர் வீசும். காவிரிப் படுகையின் அடித்தளமோ பழைய கிரானைட், நைஸ் பாறைகள். அதனால் காமா கோட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதுவதில்லை. பாறையின் அடர்த்தியை அளக்கும் அடர்த்தி லாக்கையும், அதிலுள்ள ஹைட்ரஜனை உணரும் நியூட்ரான் லாக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். களிமண் என்றால் அதில் கட்டுண்ட நீர் நியூட்ரான் அளவைத் தூக்கிவிடும், இரண்டு கோடும் விலகும். ஃபெல்ட்ஸ்பார் மணலில் அந்த விலகல் வராது.