நீலப் படுதா ஏன் பொடியாகிறது?

மன்னார்குடி வாசகர் ஒருவரின் கேள்வி: "கடை வாசலில் நிழலுக்குக் கட்டிய படுதா ஒரு கோடையைத் தாண்டவில்லை, தொட்டாலே உதிர்கிறது. கூடவே வாங்கி, நெல் மூட மடித்து வைத்தது மட்டும் புதுசாகவே இருக்கிறது. ஏன்?"

வெயில்தான் காரணம், அதிலும் புற ஊதாக்கதிர். படுதா என்பது பாலிஎத்திலீன் நாடாக்களைப் பாயாகப் பின்னி, மேலே மெல்லிய பூச்சிட்டது. பாலிஎத்திலீன் என்பது கார்பன் அணுக்கள் கோத்த நீளச் சங்கிலி. அதன் கார்பன் பிணைப்பை அறுக்க மோலுக்குச் சுமார் 350 கிலோஜூல் போதும். 300 நானோமீட்டர் அலைநீளக் கதிரிடம் சுமார் 400 இருக்கிறது. ஆனால் சுத்தமான பாலிஎத்திலீன் அந்தக் கதிரை உறிஞ்சுவதில்லை. ஆலையில் உருக்கும்போதே அங்கங்கே ஆக்சிஜன் ஒட்டிக்கொள்கிறதே, அந்த இடங்கள்தான் உறிஞ்சுகின்றன. பிணைப்பு அறுந்து தனி உறுப்பு (free radical) பிறக்கிறது, அதாவது ஜோடி இழந்த எலக்ட்ரானோடு எதையாவது பற்றத் துடிக்கும் துண்டு. அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து பக்கத்துச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பிடுங்க, அங்கே இன்னொரு தனி உறுப்பு. இப்படியே பரவி நீளச் சங்கிலிகள் துண்டாகின்றன. நெகிழ்வு போய்ப் படுதா நொறுங்குகிறது.

இதைத் தடுக்க இரண்டு வழி. ஒன்று, நூற்றுக்கு 2 பங்கு போல நுண்கரி கலப்பது; கரி கதிரைத் தானே விழுங்கிவிடும். பம்புசெட் குழாய் கறுப்பாக இருப்பது அதனால்தான். மற்றது எனக்குப் பிடித்தது: ஹால்ஸ் (HALS) எனப்படும் அமீன்கள், அதாவது நைட்ரஜன் உள்ள ஒருவகைச் சேர்மங்கள். இவை கதிரைத் தடுப்பதே இல்லை. அமீன் முதலில் நைட்ராக்சில் என்ற நிலைத்த தனி உறுப்பாக மாறி, அறுந்த சங்கிலி முனையைப் பிடித்துக்கொள்கிறது. அடுத்து வரும் பெராக்சி உறுப்பு (ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்ட தனி உறுப்பு) அந்தப் பிடியை விடுவிக்கிறது. விடுவித்ததில் தானும் செயலிழக்கிறது. நைட்ராக்சில் பழையபடி காலியாக நிற்கிறது, அடுத்ததைப் பிடிக்க. ஒரே மரக்கால் நிரம்பிக் கவிழ்ந்து, நிரம்பிக் கவிழ்ந்து களத்துக் குவியலையே அளந்துவிடுவதைப் போல! அதனால்தான் சிட்டிகை அளவே வருஷக்கணக்கில் தாங்குகிறது.

படுதாவில் ஹால்ஸ் கலந்திருக்கிறதா என்று கடையில் யாரும் கேட்பதில்லை. கனத்தைத்தான் தடவிப் பார்க்கிறோம். மானியத்தில் தரும் படுதாவையாவது தஞ்சாவூர் வெயிலில், ஏதாவது ஒரு கல்லூரி மொட்டைமாடியில் சட்டம் கட்டிக் காயப்போட்டுச் சோதிக்கலாம். பெரிய கருவி வேண்டாம். ஆனால் இந்த மாதிரி சின்ன ஆராய்ச்சிக்குத்தான் நம்மிடம் காசு ஒதுக்க ஆளில்லை.

ஹால்ஸுக்கு எதிரி அமிலமும் கந்தகமும். உளுந்தின் சாம்பல் நோய்க்கு அடிக்கும் நனையும் கந்தகத்தைப் படுதாவின் மேல் வைத்துக் கலக்க வேண்டாம். பட்டுவிட்டால் உடனே கழுவுங்கள். கறை போக ஆசிட் ஊற்றவும் கூடாது, சோப்புத் தண்ணீர் போதும். காய்ந்த பிறகே மடியுங்கள்: பூஞ்சை பிளாஸ்டிக்கைத் தின்பதில்லை, ஒட்டியிருக்கும் உமித்தூசில்தான் வளர்கிறது.

கடை வாசலில் முதலில் கிழிவது இரும்புக் குழாய் படும் கோடு. காய்ந்த இரும்பின் சூடு இந்த வினைகளை விரைவாக்கும், மடிப்பின் இழுவை மிச்சத்தை முடிக்கும். குழாயின் மேல் பழைய சாக்கைச் சுற்றிவிட்டுக் கட்டுங்கள். சரிவும் வேண்டும். ஐப்பசி மழையில் ஒரு சதுர மீட்டர் குழியில் 10 செ.மீ. தண்ணீர் தேங்கினால் 100 கிலோ. புதுப் படுதாவே கண்ணியோடு பிய்த்துக்கொள்ளும்.