30 பேர் போதும்ல மேடம்?

நேத்து சாயங்காலம் கிளம்பலாம்னு பைய எடுக்குற நேரம் டாக்டர் மேல்படிப்பு (பி.ஜி.) படிக்கிற ஒரு பையன் பென்டிரைவோட வாசல்ல நிக்கிறான். கடைசி வருஷம், தீசிஸ் குடுக்க இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. "டேட்டா எல்லாம் எடுத்து முடிச்சிட்டேன் மேடம், பி வேல்யூ மட்டும் போட்டு குடுத்தீங்கன்னா போதும்"ங்குறான். வித்தியாசமே இல்லாதப்ப இவ்வளவு வித்தியாசம் தற்செயலா வர எவ்வளவு வாய்ப்புன்னு சொல்ற நம்பர்தான் பி வேல்யூ. இந்த மாசத்துல இப்படி வர்ற நாலாவது ஆள் இவன். மெடிக்கல் டிபார்ட்மெண்ட்டுங்களுக்கு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பாத்து குடுக்குறதுதான் என் வேலை, இத்தன வருஷமா ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா சொல்லி தொண்ட வத்திப்போச்சு, அதான் ஒரேயடியா எழுதிடலாம்னு உக்காந்துட்டேன்.

எக்ஸெல் ஷீட்ட தொறந்தோம். வயசு போடுற இடத்துல ஒரு வரில 45, அடுத்த வரில "45 வயசு". பி.பி. ரெண்டு நம்பரும் ஒரே கட்டத்துல. இன்ஃபெக்‌ஷன் ஆன பேஷண்ட்டுங்களுக்கு சிவப்பு கலர் அடிச்சு வெச்சிருக்கான், ஆமா இல்லன்னு எங்கயும் எழுதல. கலர்ல இருக்குற விஷயத்த அனாலிசிஸ் எடுத்துக்காதுப்பா, ஆமான்னா 1, இல்லன்னா 0ன்னு தனி நெடுவரிசை போடணும். அங்கங்க கட்டம் காலியா கெடக்கு. "இது டெஸ்ட் பண்ணவே இல்லையா, பண்ணி நெகட்டிவா, இல்ல பேஷண்ட் திரும்ப வரலையா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் ஸ்கிரீனையே பாத்துட்டு இருந்தான், அவனுக்கே தெரியல. ஒரு வருஷத்துக்கு முன்னாடி நைட் டூட்டில எழுதினது, எப்படி ஞாபகம் இருக்கும்?

ஸ்டடி என்னன்னா, ஆபரேஷன் முடிஞ்ச காயத்துக்கு பழைய டிரெஸ்ஸிங்கா புது டிரெஸ்ஸிங்கா, எதுல இன்ஃபெக்‌ஷன் கம்மின்னு பாக்குறது. நல்ல கேள்வி, வார்டுக்கு நேரா உபயோகப்படுற கேள்வி. ஒரு குரூப்புக்கு 30 பேர். ஏன்ப்பா 30ன்னு கேட்டா, "எல்லாரும் 30 தான் மேடம் எடுக்குறாங்க, 30 வந்துட்டா ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஒத்துக்கும்னு சீனியர் சொன்னாரு"ங்குறான்.

இந்த 30 எங்கேந்து வந்துச்சுன்னு எனக்கு தெரியும், அதான் இன்னும் கோவம் வருது. சராசரிங்குறது ஓரளவு நார்மல் வளைவு (நடுவுல உயர்ந்து ரெண்டு பக்கமும் சரியுற மணி வடிவம்) மாதிரி நடந்துக்க எத்தன அளவு வேணும்னு பாடப்புத்தகத்துல ஒரு தோராயக் கணக்கு சொல்லுவாங்க, அந்த 30 இது. ரெண்டு சிகிச்சைக்கு நடுவுல இருக்குற வித்தியாசத்த கண்டுபிடிக்க எத்தன பேர் வேணும்ங்குறது வேற கேள்வி. ரெண்டுத்துக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா பேட்ச் பேட்ச்சா சீனியர் ஜூனியருக்கு சொல்லி சொல்லி இப்ப அது சட்டம் மாதிரி ஆயிடுச்சு.

இத கொஞ்சம் பொறுமையா படிங்க. பழைய டிரெஸ்ஸிங்ல 100 பேர்ல 20 பேருக்கு இன்ஃபெக்‌ஷன் வருதுன்னு வெச்சுக்குவோம். புதுசு அத பாதியா, 10 ஆ கொறைக்கும்னு நம்புறோம். அந்த வித்தியாசம் நெஜமாவே இருந்தா 80 சதவீதம் வாய்ப்போட அத பிடிக்கணும், 5 சதவீத லெவல்ல (அதாவது பி வேல்யூ 0.05க்கு கீழ வந்தாத்தான் வித்தியாசம்னு ஒத்துக்கிட்டு) டெஸ்ட் பண்ணணும்னா ஒரு குரூப்புக்கு கிட்டத்தட்ட 200 பேர் வேணும். பத்துல ஒருத்தர் ஃபாலோ அப்புக்கு வரமாட்டாங்கன்னு சேத்தா 220க்கு மேல போகும். கொறையுறது 20லேந்து 15 வரைக்கும் தான்னா ஒரு குரூப்புக்கு 900 பேர். பாத்தீங்களா, தேடுற வித்தியாசம் பாதியானா ஆளுங்க நாலு மடங்குக்கு மேல ஏறுது. அதனால சாம்பிள் சைஸ், அதான் எத்தன பேர் வேணும்ங்குறது, என் மேஜையில இருக்குற நம்பர் இல்ல. எந்த அளவு வித்தியாசம் வந்தா டிரெஸ்ஸிங்க மாத்துவேன்னு நீங்க சொல்லணும், டாக்டர் நீங்கதான், அத சொன்னா நம்பர் தானா வரும்.

30 பேர் வெச்சு அதே வித்தியாசத்த தேடினா பிடிக்குற வாய்ப்பு 20 சதவீதம் கூட இல்ல. அதாவது புது டிரெஸ்ஸிங் வேலை செஞ்சாலும் அஞ்சுல நாலு தடவ உங்க ஸ்டடிக்கு தெரியாது. அப்படி இருக்கும்னு முன்னாடியே தெரிஞ்சும் 60 பேரோட கையெழுத்து வாங்குறது நியாயமா? ஆய்வுக்கு அனுமதி குடுக்குற எத்திக்ஸ் கமிட்டி சாம்பிள் சைஸ் ஏன் கேக்குதுன்னா இதுக்குத்தான், உங்கள அலைய விடுறதுக்கு இல்ல.

இவன் ஷீட்ட சரி பண்ணி எண்ணி பாத்தோம். பழைய டிரெஸ்ஸிங்ல 6 பேர், புதுசுல 3 பேர். பி வேல்யூ 0.05 பக்கமே வரல. "அப்ப ரெண்டும் ஒண்ணுதான்னு எழுதிடட்டுமா மேடம்?" எழுதவே கூடாது! வித்தியாசத்தோட கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல், அதாவது உண்மையான வித்தியாசம் எங்கேந்து எங்க வரைக்கும் இருக்கலாம்ங்குற எல்லை, போட்டா, புதுசு 28 சதவீதப் புள்ளி வரைக்கும் நல்லதா இருக்கலாம், 8 புள்ளி மோசமாவும் இருக்கலாம்னு வருது. இதுலேந்து ரெண்டும் ஒண்ணுன்னு எப்படி சொல்லுவீங்க? வித்தியாசம் இல்லங்குறது வேற, வித்தியாசம் இருக்கா இல்லையான்னு நம்மால பாக்க முடியலங்குறது வேற. யாராச்சும் ஒருத்தர் இந்த தீசிஸ படிச்சுட்டு நல்ல டிரெஸ்ஸிங்க ஓரங்கட்டிட்டா அது பேஷண்ட் தலையிலதான் விடியும்.

அடுத்து கேட்டான், "சுகர் பேஷண்ட்டுங்கள மட்டும் தனியா பிரிச்சு பாத்தா ஏதாவது வருமா?" வரும்ப்பா, பிரிச்சுக்கிட்டே போனா எங்கயாச்சும் ஒண்ணு வந்தே தீரும். 1988ல வந்த ஐசிஸ்-2ங்குற ட்ரையல்ல (சிகிச்சைய ஆளுங்ககிட்ட சோதிச்சு பாக்குற ஆய்வு) ஹார்ட் அட்டாக் சந்தேகத்தோட வந்த 17,187 பேர், ஆஸ்பிரின் உயிர காப்பாத்துதுன்னு சந்தேகமில்லாம காட்டினாங்க. அதே பேப்பர்ல பேஷண்ட்டுங்கள மேற்கத்திய ராசிப்படி பிரிச்சு, மிதுனம், துலாம் ராசிக்காரங்களுக்கு ஆஸ்பிரின் பலன் தரல, லேசா கெடுதல் மாதிரி கூட இருக்குன்னு வேணும்னே காட்டி வெச்சாங்க, சும்மா பிரிச்சு பாக்குறது எங்க கொண்டு போய் விடும்னு எல்லாருக்கும் புரியணும்னு. 17,000 பேர் இருக்குற இடத்துலயே இந்த கதி, 60 பேர்ல என்ன ஆகும்? பிரிச்சு பாக்கணும்னா முதல் பேஷண்ட் வர்றதுக்கு முன்னாடி புரோட்டோகால்ல (ஆய்வுத் திட்டத்துல) எழுதுங்க, ஏன்னும் எழுதுங்க.

இன்னொண்ணு. அவன் "இன்ஃபெக்‌ஷன்"னு எண்ணினது என்னன்னு கேட்டேன், காயத்த பஞ்சால தொடச்சு (ஸ்வாப்) எடுத்து, லேப்ல வளக்குற கல்ச்சர்ல கிருமி வளந்தா இன்ஃபெக்‌ஷனாம். காயத்து மேல கிருமி இருக்குறதும் காயம் சீழ் பிடிக்குறதும் ஒண்ணான்னு நான் டாக்டர் இல்லாத எனக்கே கேக்க தோணுது. லேப்ல சுலபமா கெடைக்குற அளவு பேஷண்ட்டுக்கு முக்கியமான அளவா இருக்கணும்னு அவசியம் இல்ல. ஹார்ட் அட்டாக் வந்தவங்களுக்கு தாறுமாறான துடிப்ப அடக்குற என்கெய்னைடு, ஃபிளெகெய்னைடு மருந்துங்க ஈ.சி.ஜி.ல துடிப்ப அழகா அடக்குச்சு, ஆனா 1989ல காஸ்ட் ட்ரையல் ரிசல்ட் வந்தப்ப அந்த மருந்து எடுத்தவங்கதான் பிளாசிபோ (மருந்தில்லாத வெறும் மாத்திரை) எடுத்தவங்கள விட அதிகமா செத்திருந்தாங்க. எத அளக்குறோம், எத்தனாவது நாள் அளக்குறோம், யார் அளக்குறாங்கன்னு எழுதி வெச்சிட்டு ஆரம்பிங்க. டிரெஸ்ஸிங் போட்டவரே காயத்த பாத்து மார்க் போடக்கூடாது.

யாருக்கு எந்த டிரெஸ்ஸிங்னு எப்படி பிரிச்சீங்கன்னு கேட்டா, ஒத்தப்படை தேதில வந்தா பழசு, ரெட்டப்படைன்னா புதுசு. இது ரேண்டமைசேஷன், அதாவது குலுக்கல் மாதிரி பிரிக்கிறது, இல்ல. இன்னைக்கு என்ன தேதின்னு எல்லாருக்கும் தெரியும், காயம் மோசமா இருக்குற பேஷண்ட்ட "இவர நாளைக்கு சேத்துக்கலாம்"னு யாரோ ஒருத்தர் நல்ல எண்ணத்துல தள்ளி வெச்சாலே போதும், ரெண்டு குரூப்பும் வேற வேற ஆயிடும். 1948ல வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ட்ரையல்லயே, வெறும் 107 பேர்தான், யாருக்கு என்னங்குறத சீல் வெச்ச கவர்ல போட்டு, பேஷண்ட்ட சேத்த பிறகுதான் தொறந்தாங்க. கவருக்கு என்ன பெரிய செலவு ஆயிடப் போகுது?

அனுமதி விஷயத்துல நான் கண்டிப்பாதான் பேசுவேன். போன மாசம் ஒரு பொண்ணு வந்தா, எத்திக்ஸ் அப்ரூவல் லெட்டர் தேதிக்கு முன்னாடியே 11 பேஷண்ட்ட சேத்திருக்கா. "கைடு வாய்மொழியா ஓகே சொன்னாரும்மா"ன்னு அழுவுறா. கைடு ஓகே சொல்றது அனுமதி ஆகாது. கமிட்டிகிட்ட நாமளே போய் சொன்னோம், அந்த 11 பேர ஸ்டடிலேந்து நீக்க வேண்டியதாயிடுச்சு. 1964லேந்து ஹெல்சிங்கி பிரகடனம்னு மருத்துவ ஆய்வுக்கான நெறிமுறை இருக்கு, தெரியாதுன்னு சொல்லவே முடியாது. ட்ரையல்னா முதல் பேஷண்ட்டுக்கு முன்னாடி ரெஜிஸ்ட்ரில (ட்ரையல்களுக்கான பொதுப் பதிவேட்டுல) பதிவும் முடிஞ்சிருக்கணும், 2005லேந்து பெரிய ஜர்னலுங்க இத கட்டாயமாக்கிடுச்சு, அப்புறமா பதிஞ்சா திருப்பி அனுப்பிடுவாங்க. நடுவுல அளவையோ முறையையோ மாத்தினா திரும்ப கமிட்டிக்கு எழுதிக் குடுங்க, மனசுக்குள்ள மாத்திக்காதீங்க.

கன்சென்ட்டும் (பேஷண்ட்டோட சம்மதம்) அப்படித்தான். தியேட்டருக்கு தள்ளுற ட்ராலில படுத்துட்டு இருக்குறவர்கிட்ட பேப்பர நீட்டாதீங்க. மாட்டேன்னு சொன்னாலும் வைத்தியத்துல ஒரு குறையும் வராதுன்னு அவருக்கு புரிஞ்சுதான்னு கேளுங்க, அவர் வாயாலயே திருப்பி சொல்லச் சொல்லுங்க.

பேஷண்ட் எண்ணிக்கையில எல்லாரும் ஏமாறுறாங்க. "எங்க டிபார்ட்மெண்ட்ல மாசம் 40 கேஸ் வரும் மேடம்"பாங்க, ஸ்டடி ஆரம்பிச்சதும் எட்டு கூட தேறாது. இத லசாக்னா விதின்னே சொல்லுவாங்க, லூயிஸ் லசாக்னான்னு ஒரு டாக்டர் பேர்ல. நெனப்ப நம்பாதீங்க, போன ஆறு மாச ரெஜிஸ்டர எடுத்து உங்க நிபந்தனைக்கு உக்கார்ற கேஸ் எத்தனன்னு உண்மையா எண்ணுங்க. வார்டு சிஸ்டர்கிட்ட பேசுங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஃபார்ம் நிரப்பப் போறது யாருன்னு அவங்களுக்குத்தான் தெரியும்.

ஹெச்.ஓ.டி.ங்ககிட்டயும் கைடுங்ககிட்டயும் ஒரு வேண்டுகோள். அஞ்சு பசங்களுக்கு அஞ்சு தலைப்பு, ஆளுக்கு 60 பேஷண்ட்னு குடுக்குறதுக்கு பதிலா டிபார்ட்மெண்ட்டுக்கு ஒரு நல்ல கேள்வி எடுங்க, ஒரே புரோட்டோகால், ஒரே ஃபார்ம். முதல் பேட்ச் ரெஜிஸ்டர் பாத்து எத்தன பேருக்கு வருதுன்னு எண்ணட்டும், அடுத்த பேட்ச் சேக்க ஆரம்பிக்கட்டும், அதுக்கடுத்த பேட்ச் முடிக்கட்டும், ஒவ்வொருத்தரும் தன் பங்க தீசிஸா எழுதலாம். மூணு வருஷத்துல 60 பேர் ஸ்டடி அஞ்சு வெச்சிருக்குறத விட 400 பேர் ஸ்டடி ஒண்ணு வெச்சிருக்குறது பேஷண்ட்டுக்கு உதவும். பசங்களுக்கு நேரம் இல்லன்னு எனக்கும் தெரியும், அந்த பையன் கண்ணுல தூக்கம் அப்படியே தொங்குச்சு, குறை அவன் மேல மட்டும் இல்ல.

நேத்து ராத்திரி எட்டு வரைக்கும் உக்காந்து அவனோட தீசிஸ முன்னோட்ட ஆய்வா மாத்தி எழுத அவுட்லைன் போட்டோம், அதுக்கும் கைடும் கமிட்டியும் ஒத்துக்கணும். 6, 3ங்குற எண்ணிக்கைய இன்டர்வெல்லோட அப்படியே குடுக்கணும், தேதிய வெச்சு பிரிச்சத மறைக்காம எழுதணும், கல்ச்சர் பத்தி ஒரு பத்தி. இன்னைக்கு காலையில கைடுகிட்ட பேசப் போயிருக்கான்.

புது பேட்ச் பசங்க இத படிச்சா, சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) எழுதுறதுக்கு முன்னாடி வாங்க. பென்டிரைவ் வேணாம், ஒரு வெள்ளப் பேப்பர்ல உங்க கேள்விய ஒரே வரில எழுதிட்டு வாங்கப்பா, மதியம் மூணு மணிக்கு மேல நான் ரூம்லதான் இருப்பேன்.