சிரிஞ்சில் மிஞ்சுவது: ஆஸ்டினில் எச்.ஐ.வி. பரவிய விதம்

அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஸ்காட் என்றொரு மாவட்டம். அதிலுள்ள ஆஸ்டின் ஊரின் மக்கள்தொகை சுமார் 4,200. மாவட்டம் முழுவதையும் சேர்த்தாலும் ஆண்டுக்கு ஐந்து பேருக்குக்கூடப் புதிதாக எச்.ஐ.வி. பதிவானதில்லை. 2014 நவம்பரிலிருந்து 2015 நவம்பர் தொடக்கம் வரை அங்கே 181 பேருக்குத் தொற்று உறுதியானது. அவர்களில் 159 பேரின் வைரஸ் மரபணுவைப் படித்துப் பார்த்தார்கள். 157 மாதிரிகள் நெருங்கிய உறவுள்ளவை. பல திசைகளிலிருந்து பலமுறை வந்த தொற்றல்ல இது. எப்போதோ ஒருமுறை ஊருக்குள் நுழைந்த ஒரே வைரஸ், சில மாதங்களில் போதை ஊசி வழியாகக் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. எச்.ஐ.வி. அப்படியொன்றும் சட்டென்று தொற்றும் கிருமி அல்ல. தொற்றுள்ளவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொண்டால், 10,000 தடவைக்குச் சுமார் 63 தடவைதான் தொற்றும் என்பது அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி. தரும் கணக்கு. ஒரு சதவீதம்கூட இல்லை. பிறகெப்படி இந்த வேகம்?

முதலில் சிரிஞ்சுக்குள் பார்ப்போம். நரம்பில் ஊசி போடுபவர், முனை சரியாக உள்ளே இறங்கிவிட்டதா என்று தெரிந்துகொள்ள உந்துதண்டைச் சற்றுப் பின்னால் இழுப்பார். ரத்தம் வந்து கலந்தால் நரம்பு கிடைத்துவிட்டது. பிறகு எவ்வளவு அழுத்தித் தள்ளினாலும் சிரிஞ்சு முழுதாகக் காலியாகாது. ஊசியைக் கழற்றி மாட்டும் வகைச் சிரிஞ்சில், குழாயும் ஊசியும் சேரும் கழுத்துப் பகுதியில் உந்துதண்டு எட்டாத வெற்றிடம் உண்டு. அதில் சராசரியாக 84 மைக்ரோலிட்டர் திரவம் தங்கிவிடுகிறது. இன்சுலின் சிரிஞ்சு போல ஊசி நிலையாகப் பதிக்கப்பட்ட வகையில் தங்குவது சுமார் 2 மைக்ரோலிட்டர். தண்ணீரில் அலசினால் இரண்டிலும் ரத்தம் குறையும். ஆனாலும் அலசிய பிறகு முதல் வகையில் மிஞ்சுவது இரண்டாம் வகையைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு.

2 மைக்ரோலிட்டர் என்பது ஒரு மில்லிலிட்டரில் ஐநூறில் ஒரு பங்கு, கண்ணில் எளிதில் படாத அளவு. ஆனால் எச்.ஐ.வி. தொற்றிய முதல் சில வாரங்களில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் வைரஸ் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டக்கூடும். அந்தக் கட்டத்தில் 2 மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 2,000 வைரஸ் துகள்கள் இருக்கும். சில மாதங்கள் கழித்து உடல் ஓரளவு தாக்குப்பிடித்து, எண்ணிக்கை 30,000க்கு இறங்கியிருந்தால் அதே துளியில் 60தான். எல்லாத் துகளும் தொற்றை உண்டாக்காது என்றாலும், புதிதாகத் தொற்றியவரின் சிரிஞ்சு எவ்வளவு ஆபத்தானது என்பதை இந்த வித்தியாசம் காட்டிவிடும்.

இந்தத் துளி எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதையும் ஆய்வகத்தில் சோதித்திருக்கிறார்கள். 4 டிகிரி குளிரில் வைத்த சிரிஞ்சுகளில் பாதியில், 42 நாள் கழித்தும் உயிருள்ள எச்.ஐ.வி. இருந்தது. 20 டிகிரியில், 2 மைக்ரோலிட்டர் ரத்தம் இருந்தவற்றில் 21ஆம் நாள் வரை. வெப்பம் 27 டிகிரிக்கு மேல் போனால் ஒரு வாரத்துக்குப் பிறகு நூற்றில் ஒன்றுகூடத் தேறவில்லை. வெயில் ஊர்க்காரர்களுக்கு இதில் சிறு ஆறுதல் என்று எண்ணிவிட வேண்டாம். பகிரப்படும் ஊசி ஒரு வாரம் காத்திருப்பதில்லை, ஐந்து நிமிடத்தில் அடுத்த கைக்குப் போய்விடுகிறது. கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி வைரஸ் இதைவிட முரட்டுப் பிறவி. கழுத்தில் வெற்றிடம் உள்ள சிரிஞ்சில் 63 நாள் வரை உயிரோடு கிடைத்திருக்கிறது. அலசப் பயன்படுத்திய தண்ணீர்ப் பாத்திரத்தில் மூன்று வாரம் வரை.

அந்தத் தண்ணீர்தான் பலரும் கவனிக்கத் தவறும் இடம். "நான் யார் ஊசியையும் வாங்கிப் போட்டதில்லை" என்று உண்மையாகவே சொல்பவருக்கும் ஹெபடைட்டிஸ் சி வந்திருக்கும். கூடி உட்காரும் இடத்தில் ஒரே ஸ்பூனில் போதை மருந்தைக் கரைப்பார்கள், ஒரே பஞ்சு வழியாக வடிகட்டிச் சிரிஞ்சில் உறிஞ்சுவார்கள், ஒரே டம்ளர் தண்ணீரில் அலசுவார்கள். ஏற்கெனவே போட்டுவிட்ட ஒருவர் தன் சிரிஞ்சை மறுபடி அந்த ஸ்பூனில் வைத்தால் போதும், அதிலிருந்து எடுக்கும் எல்லோருக்கும் அவருடைய ரத்தம் பங்காகிவிடும். ஒருவர் தன் சிரிஞ்சால் அளந்து மற்றவர் சிரிஞ்சுகளுக்குப் பிரித்துக் கொடுத்தாலும் இதேதான். ஊசி அவரவருடையதுதான், ரத்தம் பொது.

ஆஸ்டினில் ஓடியது ஹெராயின் அல்ல, மருந்துக்கடை மாத்திரை: ஓபனா ஈ.ஆர். என்ற பெயரில் விற்ற ஆக்சிமார்ஃபோன் வலி நிவாரணி. தொற்றுக்கு ஆளானவர்களில் 87.8 சதவீதத்தினர் இதை ஊசியில் ஏற்றியதாகச் சொன்னார்கள். பொடித்து மூக்கில் உறிஞ்சுவதைத் தடுக்க 2012இல் உற்பத்தி நிறுவனம் மாத்திரையின் கலவையை மாற்றியது. மூக்கு வழி அடைபட்டது. பலர் ஊசிக்குப் போனார்கள். 2017 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தக் காரணத்தையே சொல்லி, மாத்திரையைச் சந்தையிலிருந்து எடுக்கும்படி கேட்டுக்கொண்டது.

மாத்திரையின் விலையும் அதன் வேகமும் சேர்ந்து மீதி வேலையைச் செய்தன. விலை அதிகம் என்பதால் ஒன்றைப் பலர் பங்கிட்டார்கள். போதை சீக்கிரம் இறங்குவதால் ஒரே நாளில் திரும்பத் திரும்பப் போட்டார்கள். விசாரணையில் கிடைத்த எண்ணிக்கை: ஒருவர் ஒரு நாளைக்கு 4 முதல் 15 தடவை, ஒவ்வொரு தடவையும் கூட 1 முதல் 6 பேர். ஒரே வீட்டின் மூன்று தலைமுறையும் சேர்ந்து போட்டுக்கொண்டதுண்டு.

இப்போது அந்த 0.63 சதவீதத்துக்குத் திரும்பிப் போகலாம். ஒரு தடவையில் தப்பும் வாய்ப்பு 99.37 சதவீதம். தொற்றுள்ளவரோடு 300 தடவை பகிர்ந்தால், அத்தனையிலும் தப்பும் வாய்ப்பு வெறும் 15 சதவீதம். வாரம் ஒருமுறை பகிர்பவர் 300 தடவையை எட்ட ஏறக்குறைய ஆறு வருடம் ஆகும். நாளுக்குப் பத்து தடவை என்றால் ஒரே மாதம். அந்த மாதத்தில் பக்கத்திலிருப்பவர் புதிதாகத் தொற்றியவராக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அவருக்கே தெரியாது, காய்ச்சல், உடல்வலி என்று ஏதோ வந்து போயிருக்கும். ரத்தத்தில் வைரஸ் உச்சத்தில் இருக்கும் அந்த நாட்களில் பரிசோதனையும் ஏமாற்றும். தொற்றை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளை மட்டும் தேடும் சோதனையில் தொற்று தெரிய 23 முதல் 90 நாள் வரை ஆகலாம். வைரஸ் புரதத்தையும் சேர்த்துத் தேடும் ஆய்வகச் சோதனைக்கு 18 முதல் 45 நாள்.

சோதனை செய்ய அங்கே இடமும் இல்லை. மாவட்டத்தில் எச்.ஐ.வி. சோதனை நடத்திவந்த ஒரு கிளினிக் 2013இல் மூடப்பட்டிருந்தது. அப்போது இண்டியானாவில் சிரிஞ்சு வழங்கும் திட்டமும் கிடையாது, சட்டம் இடம் தரவில்லை. ஆனால் முன்னறிவிப்பு வராமல் இல்லை. அந்த 181 பேரில் 92.3 சதவீதத்தினருக்கு ஹெபடைட்டிஸ் சி இருந்தது. அந்த வைரஸ்களின் மரபணுவோ பல கிளைகளாகப் பிரிந்து கிடந்தது. பல ஆண்டுகளாகப் பலமுறை உள்ளே வந்து பரவியிருக்கிறது என்று பொருள். ஊசி வழியாக எச்.ஐ.வி.யைவிட ஹெபடைட்டிஸ் சி வெகு எளிதாகத் தொற்றும். எனவே ஓர் ஊரில் இளைஞர்களிடம் அது கூடுகிறது என்றால், அங்கே ரத்தம் கைமாறும் பாதை தயாராக இருக்கிறது என்று அர்த்தம். எச்.ஐ.வி. வர வேண்டியதுதான் பாக்கி. யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 2013 ஜனவரியிலேயே நடவடிக்கை தொடங்கியிருந்தால் தொற்று 56க்குள் நின்றிருக்கும், 2011 ஏப்ரலில் தொடங்கியிருந்தால் பத்துக்குள். உண்மையில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது 2015 மார்ச் 26 அன்று.

புதிய சிரிஞ்சு கிடைக்காத ஊரில் வைரஸ் எப்படி ஓடும் என்பது அதற்கு முன்பே தெரிந்த விஷயம்தான். 1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் போலீஸ் சிரிஞ்சைப் பறிமுதல் செய்தது, கடைகள் விற்பதை நிறுத்தின. அங்கே சோதிக்கப்பட்ட ஊசிப் பயனர்களில் பாதிப்பேருக்கு எச்.ஐ.வி. சுமார் 70 கி.மீ. தள்ளியிருக்கும் கிளாஸ்கோவில் அது 5 சதவீதம் அளவில்தான் இருந்தது. இந்தியாவிலும் நடந்தது. மணிப்பூரில் 1989 செப்டம்பரில் ஊசி போடுபவர்களிடையே பூஜ்யமாக இருந்த விகிதம், அரை ஆண்டுக்குள் 50 சதவீதத்தைத் தொட்டது.

ஆஸ்டினில் 2015 ஏப்ரலில் சிரிஞ்சு வழங்கும் மையம் திறந்தது. ஒரு சிரிஞ்சைக் கொடுத்தால் ஒன்று என்று எண்ணிக் கொடுக்கும் முறை இங்கே உதவாது. நாளுக்கு 4 தடவை போடுபவருக்கே ஆண்டுக்கு 1,460 தேவை, 15 தடவை என்றால் 5,475. உலக சுகாதார நிறுவனம் 2030க்கு வைத்திருக்கும் இலக்கு ஆளுக்கு ஆண்டுக்கு 300. ஆகவே தேவைக்கேற்ப அள்ளிக் கொடுத்தார்கள். மையத்துக்கு வந்தவர்களிடையே அடுத்தவர் சிரிஞ்சில் போடுவது 18 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகவும், ஸ்பூன், பஞ்சு பகிர்வது 24இலிருந்து 5 சதவீதமாகவும் இறங்கியது. இத்தனைக்கும் பிறகு 2021இல் அந்த மாவட்ட நிர்வாகக் குழு இந்தத் திட்டத்தை முடித்துக்கொள்ள வாக்களித்தது. எண்கள் கண்முன் இருக்கும்போது எடுத்த முடிவு என்பதால் அதைப் புரிந்துகொள்வது கடினம்.

புதிய சிரிஞ்சு தொற்றைத் தடுக்கும். ஊசி போடும் எண்ணிக்கையையே குறைப்பது மாற்று மருந்து. பியூப்ரெனார்ஃபின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்துக் கரையவிட்டால் நாள் முழுக்க உடல்நடுக்கமும் ஏக்கமும் அடங்கும், சிரிஞ்சுக்கே வேலையில்லை. மூன்றாவது, எச்.ஐ.வி. மருந்து. தினமும் தவறாமல் எடுப்பவர் ரத்தத்தில் வைரஸ் மிகமிகக் குறைந்துவிடுவதால், அவரிடமிருந்து மற்றவருக்குப் போகும் வாய்ப்பும் குறைகிறது.

பிளீச் பற்றிப் பலர் கேட்பதுண்டு. புதிய சிரிஞ்சு கிடைக்கவே கிடைக்காத நிலையில் கடைசி வழி அது. சுத்தமான தண்ணீரை உறிஞ்சி 30 விநாடி குலுக்கி வெளியே கொட்ட வேண்டும். பிறகு தண்ணீர் கலக்காத பிளீச், அதையும் 30 விநாடி. கடைசியாக வேறு புதுத் தண்ணீரில் அலச வேண்டும். எச்.ஐ.வி. அபாயம் குறையலாம். ஹெபடைட்டிஸ் சி விஷயத்தில் இதை நம்ப முடியாது.

வைரஸ் இல்லாமலும் ஊசி கொல்லும். தோலில் இருக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியா ஊசியோடு நரம்புக்குள் இறங்கினால், ரத்தம் அதை நேரே இதயத்தின் வலப்பக்கத்துக்குக் கொண்டுபோகும். மாத்திரையில் உள்ள டால்க், மாவுப்பொருள் போன்ற கரையாத துணுக்குகள் அங்குள்ள வால்வை ஏற்கெனவே உராய்ந்து வைத்திருக்கும். பாக்டீரியா அதில் ஒட்டிக்கொள்ளும். பல நாள் விடாத காய்ச்சல், மூச்சுத் திணறல் என்றால் அதைச் சாதாரணக் காய்ச்சலாக நினைத்து வீட்டில் கிடக்கக் கூடாது. ஊசி முனையை நாக்கால் நக்கும் பழக்கம் வாயிலிருக்கும் கிருமிகளையும் சேர்த்து அனுப்புகிறது. போடுமுன் ஆல்கஹால் பஞ்சால் தோலைத் துடைப்பது சின்ன வேலை, ஆனால் உண்மையில் பயன் தருவது.

வலி நிவாரண மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றிய இளைஞர்கள் பற்றிய செய்தி சென்னையிலிருந்தும் அடிக்கடி வருகிறது. பெரும்பாலும் கைது, பறிமுதல் என்ற அளவோடு செய்தி முடிந்துவிடுகிறது. அந்தக் கூட்டத்தில் ஒரே சிரிஞ்சை எத்தனை பேர் போட்டார்கள் என்று எவரும் கேட்பதில்லை. அப்படிப் பகிர்ந்துகொண்ட ஒருவர் 72 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போனால், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 28 நாள் எடுத்துக்கொள்ளலாம். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறாரோ அவ்வளவு நல்லது. அந்த நேரம் தாண்டிவிட்டாலும் அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் இலவசமாகச் சோதிக்கலாம். முதல் சோதனையில் தொற்றில்லை என்று வந்தாலும் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் வழி கேட்கலாம். ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. சி-க்குத் தடுப்பூசி இல்லை, ஆனால் பெரும்பாலும் 12 வார மாத்திரையில் நூற்றுக்கு 95 பேருக்குமேல் குணமாகிறது; தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தின் கீழ் 2018 முதல் அது இலவசம். குணமானவருக்கு எதிர்ப்பொருள் சோதனை வாழ்நாள் முழுக்கப் பாசிட்டிவ் என்றே காட்டும். அது நோய் இருப்பதாகவோ, இனி வராது என்றோ காட்டுவதல்ல. மறுபடி ஊசியைப் பகிர்ந்தால் மறுபடி தொற்றும்; அதைக் கண்டுபிடிக்க, ரத்தத்தில் வைரஸையே தேடும் ஆர்.என்.ஏ. சோதனைதான் வேண்டும்.