விழுந்தவருக்கு உடனே தண்ணீர் கொடுக்காதீர்கள்

நம் மாவட்டத்தில் ஓடுகிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். விடிகாலையில் நாகர்கோவில் அண்ணா விளையாட்டரங்கத்தைச் சுற்றுகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் சங்குத்துறை, மணக்குடி என்று கடலோரச் சாலையைப் பிடிக்கிறவர்கள், கன்னியாகுமரி வரை ஓடிவிட்டு பஸ்ஸில் திரும்புகிறவர்கள். ஆசிரியர், வங்கி ஊழியர், பலசரக்குக் கடைக்காரர், வளைகுடாவை விட்டு ஊரோடு வந்து சேர்ந்தவர் என எல்லாரும் உண்டு. முதலில் ஐந்து கிலோமீட்டர், அப்புறம் பத்து, அப்புறம் அரை மாரத்தான், சிலர் 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தானுக்காக வெளியூருக்கும் போகிறார்கள். பொதுமருத்துவனான எனக்கு இதில் சந்தோஷம்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கிற ஒருவருக்கு மூன்றாவது மாத்திரை எழுதுவதைவிட அவர் ஓடப் போவது மேல்.

பந்தயங்களின் முதலுதவிக் கூடாரத்தில் உட்கார்ந்திருக்கிறேன். பந்தயம் முடிந்து வார்டுக்கு வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். பரிசுக்காக ஓடுபவருக்குப் பயிற்சியாளர் இருப்பார், அவரை விட்டுவிடுகிறேன். ‘முடித்தால் போதும்’ என்று பணம் கட்டி ஓடுகிறவருக்கும், அவருடன் வருகிற குடும்பத்துக்கும், வழியில் நிற்கும் தன்னார்வலருக்கும் இதை எழுதுகிறேன். ஒருவர் விழுந்தால் நம் ஊரில் எல்லாருடைய கையும் ஒரே இடத்துக்குத்தான் போகிறது: தண்ணீர் பாட்டிலுக்கு. ஆனால் ஓடுகிறவர் விழுவதற்குக் காரணம் பல. ஒன்றுக்கு மருந்தானது இன்னொன்றில் ஆளைக் கொன்றுவிடும்.

அதிகம் நடப்பதும் ஆபத்து குறைவானதும் கடைசிக் கோட்டைத் தாண்டியபின் வருகிற மயக்கம். ஓடும்வரை கால் தசைகள் ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். சட்டென்று நின்றால் அந்த உந்துதல் நின்றுபோய், ரத்தம் காலிலேயே தேங்கும், அழுத்தம் இறங்கும், கண் இருட்டும். படுக்க வைத்து காலை உயர்த்திப் பிடித்தால் சில நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து வெட்கத்தோடு சிரிப்பார்கள். மெடல் வரிசையில் ஆடாமல் அசையாமல் நிற்பதும், வந்து சேர்ந்ததுமே செல்ஃபிக்கு நிற்பதும்தான் இதற்குப் பெரும்பாலும் காரணம். பத்து நிமிடம் நடந்துகொண்டிருங்கள், போதும்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன்.

நாற்பதைத் தாண்டிய ஓர் ஆசிரியை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மெலிந்த உடம்பு. முழு மாரத்தானை ஓடியும் நடந்தும் ஆறு மணி நேரத்தை ஒட்டி முடித்திருக்கிறார். முடித்த ஒரு மணி நேரத்தில் தலைவலி, வாந்தி. கூட வந்தவர்கள் ‘தண்ணீர்ச் சத்து குறைந்துவிட்டது’ என்று இன்னும் ஒரு லிட்டர் குடிக்க வைத்தார்கள். என்னிடம் வரும்போது கேட்டதற்குப் பதில் இல்லை. பார்வை எங்கோ இருந்தது. கணவர் சொன்னார்: “வழி நெடுக நல்லா வெள்ளம் குடிச்சா டாக்டரே, ஒரு ஸ்டாலயும் விடல.” மோதிர விரலைப் பார்த்தேன். மோதிரம் சதைக்குள் புதைந்து, திருகினால் நகரவில்லை. சாக்ஸின் எலாஸ்டிக் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. உடம்பில் தண்ணீர் வற்றியவரின் விரல் இப்படி உப்பாது. ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 120 மில்லிமோலை ஒட்டி இருந்தது. இருக்க வேண்டியது 135 முதல் 145 வரை.

நடந்தது இதுதான். சும்மா இருக்கும்போது நம் சிறுநீரகம் மணிக்கு ஒரு லிட்டர் அளவு வரை தண்ணீரை வெளியே தள்ளக்கூடியது. நீண்ட ஓட்டத்தில் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனைச் சுரக்கிறது, சிறுநீர் குறைந்துவிடுகிறது. அந்த நேரத்தில் வியர்வையில் போவதைவிட அதிகமாகக் குடித்தால் ரத்தம் நீர்த்துப்போகும், சோடியம் இறங்கும், தண்ணீர் செல்களுக்குள் புகும். விரல் வீங்கினால் மோதிரம் இறுகுவதோடு போகும். மூளை வீங்கினால் மண்டையோட்டுக்குள் அதற்கு இடமில்லை. குழப்பம், வலிப்பு, நினைவிழப்பு, மரணம் என்று அது போகும் வேகம் பயங்கரமானது.

2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இப்படித்தான் இறந்தார். அதே பந்தயத்தை முடித்த 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்து 2005-ல் வெளியான ஆய்வில், 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்கள், நான்கு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்கள், ரொம்ப மெலிந்தவர்கள் அல்லது ரொம்பப் பருத்தவர்கள்தான் அதிகம் மாட்டினார்கள். இரண்டரை மணி நேரத்தில் முடிப்பவருக்கு நின்று குடிக்க நேரம் ஏது? மெதுவாகப் போகிற நமக்குத்தான் எல்லா ஸ்டாலிலும் நிற்கத் தோன்றும்.

நம் ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. தண்ணீர் கொடுப்பது இங்கே புண்ணியம். கோயில் கொடைக்கும் சர்ச் திருவிழாவுக்கும் தண்ணீர்ப் பந்தல் போட்டுப் பழகிய ஜனம் நாம். வீட்டு வாசலில் பெரியம்மா ஒருவர் மோரோடு நிற்பார், அடுத்த முக்கில் யாராவது இளநீர் வெட்டி நீட்டுவார்கள். வேண்டாம் என்று சொன்னால் கொடுப்பவர் முகம் வாடும். வாடட்டும். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

‘உப்பு கலந்த பானம்தானே குடித்தேன், அப்புறம் எப்படி?’ என்று கேட்பார்கள். கடையில் விற்கும் விளையாட்டுப் பானங்களில் சோடியம் பெரும்பாலும் லிட்டருக்கு 20 மில்லிமோல் போலத்தான் இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் ஓ.ஆர்.எஸ். கலவையிலேயே 75தான். ரத்தத்தில் 140. ஆக, அளவு மீறினால் எதைக் குடித்தாலும் ரத்தம் நீர்த்துத்தான் போகும். இளநீரில் பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. தாகம் எடுத்தால் குடியுங்கள், தாகம் அடங்கினால் நிறுத்துங்கள். ‘தாகம் எடுக்கும் முன்பே குடிக்க வேண்டும்’ என்ற பழைய அறிவுரையை மறந்துவிடலாம்.

உங்கள் அளவைத் தெரிந்துகொள்ள ஒரு தராசு போதும். பயிற்சி நாளில் நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஓரிரு கிலோ குறைந்திருந்தால் இயல்புதான். அதை அங்கேயே குடித்து ஈடுகட்டத் தேவையில்லை. கூடியிருந்தால் நீங்கள் அளவுக்கு மேல் குடிக்கிறவர்.

குழப்பமும் வாந்தியுமாக ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது “ஒரு பாட்டில் ஏத்துங்க டாக்டரே” என்று முந்திக்கொள்ளாதீர்கள். இந்த நிலையில் சாதாரண சலைன் நிலைமையை மோசமாக்கலாம். “ஓட்டம் முடிந்து இத்தனை மணி நேரத்தில் இப்படி ஆனது, வழியில் நிறையக் குடித்தார், முதலில் சோடியம் பாருங்கள்” என்று சொல்லுங்கள். அறிகுறி கடுமையாக இருந்தால், உப்பு அதிகமுள்ள 3 சதவீத சலைனை 100 மில்லி அளவில் ஏற்றுவதுதான் சிகிச்சை. அந்த ஆசிரியைக்கும் அதுவே கொடுத்தோம். மறுநாள் காலையில் இட்லி கேட்டார்.

இதற்கு நேர் எதிரானது வெப்பத் தாக்கு. இதில் பெரும்பாலும் விழுவது வேகமாக ஓடுகிற இளவட்டம். தூரமும் அதிகம் வேண்டாம், பத்து கிலோமீட்டரே போதும். ஓர் இளைஞன் கடைசிக் கிலோமீட்டரில் கோணல்மாணலாக ஓடிவந்தான். தன்னார்வலர் ஒருவர் “மக்கா, கொஞ்சம் நில்லு” என்று கையைப் பிடித்ததற்குக் கெட்ட வார்த்தையில் திட்டினான். ‘தண்ணியடிச்சிட்டு வந்திருக்கானோ’ என்று பக்கத்தில் பேச்சு. ஆசனவாய் வழியே வெப்பம் பார்த்தோம்: 106 டிகிரி ஃபாரன்ஹீட். தோல் காய்ந்திருந்தால்தான் வெப்பத் தாக்கு என்று பலர் நினைத்திருக்கிறார்கள். ஓடுகிறவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டிருக்கும்போதே இது வரும். 104-க்கு மேல் சூடும், புத்தி தடுமாற்றமும் சேர்ந்தால் அதுதான். நெற்றியிலும் அக்குளிலும் வைக்கிற தெர்மாமீட்டரை இதில் நம்ப முடியாது.

‘இங்கே என்ன அப்படி வெயில், கடல் காற்றுதான் வீசுகிறதே’ என்பார்கள். சூட்டை இறக்குவது, சொட்டிக் கீழே விழுகிற வியர்வை இல்லை, தோலில் இருந்து ஆவியாகிற வியர்வை. ஒரு லிட்டர் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். நம் கடலோரக் காற்றில் ஈரம் அதிகம், அதனால் காலை ஆறு மணிக்கே வியர்வை ஆவியாகாமல் வழிந்து ஓடும். ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று பலமாச்சே என்றால், தென்மேற்குப் பருவத்தில் தோவாளையில் இருந்து கிழக்கே ஓடும்போது அந்தக் காற்று முதுகுப் பக்கம் இருக்கும். காற்றின் வேகத்திலேயே நீங்களும் போனால் உடம்பில் காற்றே படாது. திரும்பி எதிரே வரும்போதுதான் அது புரியும்.

வெப்பத் தாக்குக்கு ஆம்புலன்ஸில் ஏற்றுவது இரண்டாவது வேலை. முதல் வேலை அங்கேயே குளிர வைப்பது. 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை சும்மா நிற்கக் கூடாது. அரை மணி நேரத்துக்குள் சூடு இறங்கினால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். இந்த விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு வசதி உண்டு. சின்னமுட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் என்று மீன்பிடித் துறைமுகங்களைக் கையருகில் வைத்திருக்கிறோம். மீனுக்குப் போடுகிற ஐஸ் எளிதாகக் கிடைக்கும். பந்தயம் நடத்துகிறவர்கள் சில பெட்டி உடைத்த ஐஸும், ஒரு பெரிய தார்ப்பாயும், டிரம்மில் தண்ணீரும் வைத்தால் போதும். ஆளைத் தார்ப்பாயில் கிடத்தி, நாலு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, உள்ளே ஐஸும் தண்ணீரும் ஊற்றி அலசிக்கொண்டே இருக்க வேண்டும். தலை தண்ணீருக்கு மேலே இருக்கட்டும். அந்த இளைஞனை அப்படித்தான் குளிர வைத்தோம். 102-க்கு வந்ததும் வெளியே எடுத்தோம், “ஏன் அண்ணே எனக்கு இப்படிக் குளிருது?” என்று கேட்டான். திட்டியது எதுவும் அவனுக்கு ஞாபகம் இல்லை. பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. முந்தின இரண்டு நாள் காய்ச்சல் இருந்ததை அப்புறம்தான் அவன் அம்மா சொன்னார். காய்ச்சலோடு ஓடாதீர்கள். கட்டிய பணம் போனால் போகட்டும். வைரஸ் காய்ச்சலில் இதயத் தசையும் வீங்கியிருக்கலாம்.

இதயம் என்றதும் வீட்டில் பயப்படுவார்கள். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய சுமார் ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரில் இதயம் நின்றுபோனது 59 பேருக்கு. அதில் பெரும்பாலோர் ஆண்கள். எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் அந்த 59-ல் 42 பேர் பிழைக்கவில்லை. முடித்தபின் வருகிற மயக்கத்தை நான் லேசாகச் சொன்னேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுகிறவரை அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. மூச்சு இல்லை என்றால் உடனே நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். மேடு ஏறும்போது நெஞ்சு இறுகுகிறவர், குடும்பத்தில் ஐம்பதுக்குள் யாராவது திடீரென இறந்திருப்பவர், புகைப்பவர், சர்க்கரைக்காரர் ஆகியோர் பந்தயத்துக்குப் பெயர் கொடுக்கும் முன்பு மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்து மாத்திரை. ஓட்டத்துக்கு முன் ‘முட்டி வலிக்காமல் இருக்க’ என்று டைக்ளோஃபினாக், அசெக்லோஃபினாக், ஐபுபுரூஃபன் போட்டுக்கொண்டு வருகிற பழக்கம் எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருகிறது. மெடிக்கலில் கேட்டதும் கொடுத்துவிடுகிறார்கள். நீண்ட ஓட்டத்தில் ரத்தம் தசைக்கும் தோலுக்கும் திரும்பிவிடுவதால் சிறுநீரகத்துக்குப் போவது ஏற்கெனவே குறைவு. இந்த மாத்திரைகள் அதையும் இறுக்குகின்றன. தண்ணீரைப் பிடித்து வைக்கும் ஹார்மோனுக்கும் துணை போகின்றன, அதாவது மேலே சொன்ன சோடியம் சிக்கலுக்கு வழி திறக்கின்றன. ஓடி முடித்தபின் சிறுநீர் கட்டன் சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் போனால் வீட்டில் காத்திருக்க வேண்டாம். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறதா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும்.

தினமும் போடுகிற மாத்திரைகளையும் யோசியுங்கள். குளோர்தாலிடோன், ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த ரத்த அழுத்த மாத்திரைகள் சோடியத்தைத் தாமே குறைக்கக்கூடியவை. சர்க்கரைக்கான கிளிமிபிரைடு போட்டுவிட்டு வெறும் வயிற்றில் ஓடினால் சர்க்கரை தாழ்ந்துபோகும். இன்னொரு சர்க்கரை மாத்திரையான டாபாகிளிஃப்ளோசின் போடுகிறவர் நீண்ட ஓட்டத்துக்கு முன் அதை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக் கொடுத்தவரிடம் “இந்தத் தேதியில் இத்தனை கிலோமீட்டர் ஓடப் போகிறேன்” என்று சொல்லுங்கள். சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. முந்தின இரவு பழகிய சோறோ மரச்சீனியோ, காலையில் இரண்டு மட்டிப்பழம். புது ஜெல்லைப் பந்தய நாளில் சோதித்துப் பார்க்காதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக, பனியனில் குத்துகிற எண் அட்டையின் பின்பக்கம் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கிறது. பெயர், வயது, என்ன நோய், என்ன மாத்திரை, எதற்கு ஒவ்வாமை, வீட்டு ஆளின் போன் நம்பர். இத்தனையையும் நனைந்தாலும் அழியாத மார்க்கர் பேனாவால் முந்தின இரவே எழுதிவிடுங்கள். பேச முடியாமல் கூடாரத்துக்கு வருகிறவரின் அட்டையைத்தான் நாங்கள் முதலில் திருப்பிப் பார்ப்போம்.