கட்டிங் மிஷினில் செயின் மாட்டினால் பவர் சா ஆகிவிடுமா?

ஆடிக் காற்றுக்குக் கோத்தகிரிப் பக்கம் மரம் சாயாத வருடம் கிடையாது. போன தடவை எதிர்வீட்டு அண்ணனின் தேயிலைக்குள் ஒரு சீகை மரம் விழுந்தது. குளிருக்கு விறகாச்சு என்று ஆன்லைனில் ஒரு சாமான் வாங்கிவிட்டார். கம்பி அறுக்கும் கட்டிங் மிஷினில் வட்டைக் கழற்றிவிட்டு மாட்டுகிற செயின் பட்டை அது, பல் வைத்த செயின் சுற்றி ஓடுகிற நீளப் பட்டை. “மோட்டார்தான் ஏற்கெனவே இருக்கே தம்பி, பவர் சா எதுக்கு?” என்றார்.

வேகத்தை மட்டும் பார்த்தால் அவர் சொல்வது சரி. சாதாரண பவர் சாவில், அதாவது மரம் அறுப்பதற்கென்றே உள்ள பெட்ரோல் செயின் ரம்பத்தில், ஏழு பல் சக்கரம் ஒரு சுற்றுக்குச் சுமார் 13 செ.மீ. செயினை இழுக்கும். நிமிடத்துக்கு 9,000 சுற்று என்றால் செயின் விநாடிக்கு 20 மீட்டர் ஓடுகிறது, அதாவது மணிக்கு 72 கி.மீ. மேட்டுப்பாளையம் இறங்குகிற பஸ்கூட அப்படிப் போகாது. 4 இன்ச் கட்டிங் மிஷின் வெறுமனே ஓடும்போது 11,000 சுற்று சுற்றும். அதே பல் சக்கரத்தை மாட்டினால் 24 மீட்டர்!

ஆனால் மரத்தில் வைத்ததும் கதை மாறும். செயினின் ஒவ்வொரு வெட்டும் பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கும். பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. சுமார் 0.65 மி.மீ. ஈரச் சீகையில் அந்தக் கடியை விடாமல் இழுக்க நல்ல பலம் வேண்டும். எண்ணூறு சொச்சம் வாட் கட்டிங் மிஷினுக்குச் சுமை ஏறியதும் சுற்று இறங்கிவிடும்.

அண்ணனுக்கு நடந்ததும் அதுதான். இரண்டு முனையிலும் தாங்கிக் கிடந்த மரத்தை மேலிருந்து அறுத்தார். பாதியில் மரத்தின் எடையே வெட்டுவாயை மூட, செயின் சிக்கியது. பவர் சாவாக இருந்தால் நடுவில் கிளட்ச் இருக்கும். செயின் நின்றாலும் கிளட்ச் வழுக்கிக்கொடுக்கும். இங்கே பல் சக்கரம் நேராக மோட்டாரின் தண்டில். செயின் நின்ற கணத்தில், உள்ளே சுற்றிக்கொண்டிருந்த ரோட்டரின் வேகம் முழுவதும் அவர் மணிக்கட்டுக்கு வந்தது. மிஷின் கையை விட்டுத் துள்ளி, தேயிலைச் செடிக்குள் விழுந்தும் ஓடிக்கொண்டே இருந்தது. தள்ளிவிட்டால் அப்படியே பூட்டிக்கொள்கிற சுவிட்ச் அது. கிழிந்தது ஸ்வெட்டர் கைதான், பிழைத்தார்.

இதைவிடப் பயங்கரமானது பட்டையின் மூக்கு, அதாவது நுனி. அதன் மேல் பாதியில் செயின் முன்னும் கீழுமாக ஓடுகிறது. அந்த இடம் தெரியாமல் இன்னொரு கிளையில் பட்டுப் பல் மாட்டினால் செயின் ஓட முடியாது. அதற்குப் பதில் மிஷின் ஓடும், பின்னும் மேலுமாக, முகத்தைப் பார்த்து. நமக்குச் சுதாரிக்கவே கிட்டத்தட்ட கால் விநாடி வேண்டும். அதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

பவர் சாவில் முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். பலர் அதைத் தூசி தடுக்க என்று நினைக்கிறார்கள். மிஷின் துள்ளும்போது இடது கை அதில் மோதும். மோதாவிட்டாலும் தட்டு தன் எடையாலேயே பின்தங்கி விசையைத் தட்டிவிடும். உடனே ஒரு எஃகுப் பட்டி கிளட்ச் டிரம்மை இறுக்க, செயின் நின்றுவிடும். கட்டிங் மிஷினில் இது கிடையாது. போதாததற்கு, பட்டையை மாட்டுவதற்காக இருந்த கவசத்தையும் கழற்றியாயிற்று. செயினுக்குத் தானாக எண்ணெய் விடும் பம்ப்பும் இல்லை, அதனால் பட்டை சீக்கிரமே சுடும்.

பவர் சாவுக்கும் நம் மலையில் ஒரு குறை உண்டு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கோயம்புத்தூரில் டியூன் செய்த கார்புரேட்டர் இங்கே பெட்ரோலை அதிகமாகக் கொடுத்துப் புகை கக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி ஸ்க்ரூவைத் திருத்த வேண்டும். திருத்தினாலும் சமவெளியில் இருந்த பலம் வராது.

சரி, இப்படி மிஷினில் மாட்டுகிற சாமானே ஆகாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். புல் வெட்டும் மிஷினில் நைலான் நரம்பைக் கழற்றிவிட்டு உண்ணிச்செடிக்கு மூன்று பல் பிளேடு போடுகிறோம். அதே சுற்று, அதே திசை, தோளில் அதே வார். அந்தந்த பிளேடுக்கு உரிய கவசம் இருக்க வேண்டும். சில்வர் ஓக் கிளை கழிக்க அதே மிஷினின் நீளக் குழாய் முனையில் செயின் பட்டை மாட்டுவதும் உண்டு, தயாரித்தவரே அதற்கென்று கியரோடு கொடுத்தால். செயின் அதே செயின்தான், ஆனால் மூக்கு முகத்திலிருந்து ஆள் உயரத்துக்கும் அப்பால் இருக்கிறது. ஆனால் கேத்தி பாலாடாவில் கேரட் போடுகிறவர் அதே மிஷினில் மண் கொத்தும் சாமான் மாட்டிக் கரம்பை உடைக்கப் பார்த்தால் இடுப்புதான் உடையும். களை கிளறலாம், அவ்வளவுதான்.

சீகை மரத்தை நாள் கூலிக்குப் பவர் சாவோடு வந்தவர் டீ வருவதற்குள் துண்டு போட்டுவிட்டார். செயின் பட்டை இப்போது அண்ணன் கொட்டகையில் ஆணியில் தொங்குகிறது. கட்டிங் மிஷினில் மறுபடி வட்டு, கவசத்தோடு. நேற்று கேட்டுக்குக் கம்பி அறுத்துக்கொண்டிருந்தார்.